‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’: எந்தப் பதிப்பைக் கேட்பது?

வாசகர் கேள்வி, 2 ஜூன்

பிரிட்டிஷ் ராக் குழுவான கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் 1969-இல் வந்ததிலிருந்து எத்தனை முறைதான் மறுவெளியீடு காணும்? என்னிடம் 2009-இல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு இருக்கிறது. அதில் ‘மூன்சைல்ட்’ ஒன்பது நிமிட அளவில் முடிந்துவிடுகிறது. நண்பரின் பழைய சிடியில் அதே பாடல் பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது. ரீமாஸ்டர் என்றால் தூசி தட்டித் தருவது என்றுதான் நினைத்திருந்தேன். தூசியோடு சேர்த்து மூன்று நிமிடத்தையும் தட்டிவிடலாமா? ஒரே ஒரு பதிப்பைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எதை வைத்துக்கொள்வது?

2 ஜூன், இரவு

2004-ஆம் ஆண்டுப் பதிப்பு. காரணத்தை நாளை எழுதுகிறேன்.

3 ஜூன்

நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது ரீமாஸ்டரே அன்று, அது ரீமிக்ஸ். இந்த இரண்டையும் விற்பவர்களே குழப்புவதால் வாங்குபவர்களைக் குறைசொல்ல முடியாது. ரீமாஸ்டர் என்பது, இடம் வலம் என இரண்டு ட்ராக்குகளாகக் கலந்து முடித்துவிட்ட நாடாவை எடுத்து, அதன் ஒலி அளவையும் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்வது. சமைத்து இறக்கிய சாம்பாரில் உப்புப் பார்ப்பதைப் போன்றது அது. கத்தரிக்காய் அதிகமாகிவிட்டது என்று அப்போது தெரிந்தாலும் ஒன்றும் செய்வதற்கில்லை. ரீமிக்ஸ் என்பது காய்கறிக் கூடைக்கே திரும்பப் போவது. டிரம்ஸ், பேஸ், குரல், புல்லாங்குழல் ஆகியவை தனித்தனி ட்ராக்குகளில் கிடக்கும் மூல நாடாக்களை எடுத்து, எது முன்னே நிற்க வேண்டும், எது எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பதை மறுபடியும் முடிவு செய்கிறார்கள். 2009-இல் ஒலிக்கலவையாளர் ஸ்டீவன் வில்சன், குழுவின் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பின் மேற்பார்வையில் செய்தது இந்த இரண்டாவது வேலையை.

இப்போது 2004 ஏன் என்பதற்கு வருகிறேன். 1969-ஆம் ஆண்டு கோடையில் லண்டன் வெஸெக்ஸ் ஸ்டுடியோவில், வெளியிலிருந்து தயாரிப்பாளர் எவரும் இல்லாமல், குழுவினரே தயாரித்த ஆல்பம் இது. முன்னதாக மார்கன் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் டோனி கிளார்க்கை வைத்துத் தொடங்கிய முயற்சி பாதியிலேயே கைவிடப்பட்டது. வேலை எல்லாம் முடிந்த பிறகுதான், இறுதிக் கலவையைப் பதிந்த ஸ்டீரியோ இயந்திரத்தில் பதிவு ஹெட் கோணல் மாணலாக இருந்தது தெரிய வந்தது. அதனால் மேல் ஸ்தாயி மங்கியது. வேண்டாத கரகரப்பும் சேர்ந்தது. ‘21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிசாய்டு மேன்’ பாடலில் அந்தக் கரகரப்பைத் தெளிவாகக் கேட்கலாம். அமெரிக்காவில் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிடுவதற்காகக் கோளாறுகளை இயன்றவரை சரிசெய்து ஒரு பிரதி எடுத்தார்கள். பல ஆண்டுகளாக உலகெங்கும் வந்த இசைத்தட்டுகள், கேசட்டுகள், சிடிக்கள் பலவும் அந்தப் பிரதியின் பிரதிகளிலிருந்தே பிறந்தவை. ஒவ்வொரு பிரதிக்கும் நாடாவின் இரைச்சல் கூடும், விளிம்புகள் மழுங்கும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். முதல் நாடா எங்கோ பத்திரமாகக் கட்டி வைக்கப்பட்டு, தொலைந்ததாகவே கருதப்பட்டு, 2002 வாக்கில் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து நேரடியாகச் செய்த சிடிதான் 2004-இல் வந்தது.

ஆக, 1989-இல் வந்ததும் 1999-இல் முப்பதாம் ஆண்டுக்காக வந்ததும் எவ்வளவு அக்கறையோடு செய்யப்பட்டவையாக இருந்தாலும், கையில் அசல் நாடா இல்லாமல் செய்யப்பட்டவை.

4 ஜூன்

“ஹெட் கோணல்” என்று ஒற்றைச் சொல்லில் கடந்துவிட்டேன். கேசட் டெக் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கேசட் போடும் கதவைத் திறந்தால், ஹெட்டின் இரு பக்கமும் இரண்டு சிறு ஸ்க்ரூக்கள் இருக்கும். அவற்றில் ஒன்றின் கீழே ஸ்பிரிங் இருக்கும், தலையில் பெரும்பாலும் சிவப்போ மஞ்சளோ பெயிண்ட் தடவியிருப்பார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கடிகாரம் பழுதுபார்ப்பவர் வைத்திருப்பது போன்ற மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினால், போர்வைக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்தவர் திடீரெனப் போர்வையை விலக்கியதைப் போல ‘ஸ்’ ஓசைகளெல்லாம் வெளியே வரும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடியும் போர்வைக்குள் போய்விடுவார். ஹெட்டில் உள்ள நுண்ணிய இடைவெளி நாடா ஓடும் திசைக்கு மிகச் சரியாகக் குறுக்காக நிற்க வேண்டும் என்பதுதான் இதன் சூத்திரம். அந்தக் கால் சுற்றுதான் 1969-இல் வெஸெக்ஸில் தவறியது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சற்று ஆறுதலாகவே இருக்கிறது, ஏனென்றால் என் டெக்கில் நான் கெடுத்த கேசட்டுகள் பல.

இந்த ஆல்பத்தை நான் முதலில் கேட்டதும் கேசட்டில்தான். நண்பர் ஒருவர் தம் இசைத்தட்டிலிருந்து தொண்ணூறு நிமிட நாடாவின் ஒரே பக்கத்தில் பதிந்து கொடுத்தார். ஆல்பம் 44 நிமிடம், நாடாவின் பக்கம் 45 நிமிடம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் தட்டைத் திருப்பிப் போடும்போது பதிவை நிறுத்தவில்லை. ஊசி தூக்கும் சத்தம், பிறகு நீண்ட உறுமல், பிறகு ஊசி விழும் சத்தம் என்று எல்லாம் அதில் இருந்தன. அதனால் இறுதியில் இடம் போதாமல் போனது. கடைசிப் பாடலான ‘தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’ ஏழு நிமிடத்துக்கு மேல் முடிந்ததுபோல் அடங்கி, பிறகு திருவிழா ராட்டினத்தின் இசைப்பெட்டியைப் போன்ற ஒரு சின்ன ஆர்கன் தனியாகத் தொடங்கி, அதன் பின் குழு முழுவதும் மீண்டும் நுழைந்து, சட்டென்று அறுபட்டு முடியும். என் நாடாவில் அந்தப் பகுதியே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து சிடி வாங்கிக் கேட்டபோது, பாடல் முடிந்தது என்று எழுந்தவன், அந்த ஆர்கன் தொடங்கியதும் யாரோ ஏதோ சேர்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

4 ஜூன், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தால் ‘மூன்சைல்ட்’ வெட்டப்பட்டதற்காக வருந்துபவரிடம் என் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது தெரிகிறது. அந்தப் பாடலுக்கும் வருவேன்.

5 ஜூன்

மெலட்ரான் என்ற கீபோர்டு கருவியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆல்பத்தில் எது தெளிவு, எது மங்கல் என்று பேசுவதில் பொருளில்லை. ‘எபிடாஃப்’ பாடலிலும் கடைசிப் பாடலிலும் வயலின் கூட்டம் போல எழும்பி வருவது வயலின்கள் அல்ல. மெலட்ரானின் ஒவ்வொரு கட்டையின் கீழும் முன்பே வயலின் பதிந்த ஒரு நாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் அது ஹெட்டின் மீது இழுபட்டு ஓடும். ஏறத்தாழ எட்டு நொடியில் நாடா தீர்ந்துவிடும், விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். எனவே இயன் மெக்டொனால்ட் எவ்வளவு உருக்கமான சுரத்தைப் பிடித்தாலும் எட்டு நொடிக்கு மேல் அதில் நிற்க முடியாது. அந்த லேசான நடுக்கமும் புகைமூட்டமும் கருவியிலேயே உள்ளவை. நாடாவில் பதிந்ததை மீண்டும் நாடாவில் பதிந்திருக்கிறார்கள். எந்த ரீமாஸ்டரும் அதைத் துடைக்க முடியாது. முடிந்தாலும் துடைத்துவிடக் கூடாது. “2004 பதிப்பிலும் மெலட்ரான் மங்கலாகத்தானே இருக்கிறது” என்று நேற்றிரவு எனக்கு எழுதியவருக்கு இதுவே பதில்.

6 ஜூன்

ரீமிக்ஸைக் குறைத்துப் பேசுவதாக ஒருவர் கோபித்திருக்கிறார். கோபத்தில் நியாயம் இருக்கிறது.

வெஸெக்ஸில் இருந்தது எட்டு ட்ராக் இயந்திரம். மெக்டொனால்டோ புல்லாங்குழல், சாக்ஸபோன், கிளாரினெட், மெலட்ரான், பிற கீபோர்டுகள் என்று அடுக்கிக்கொண்டே போகிறவர். எட்டும் நிறைந்துவிட்டால், நிறைந்தவற்றை ஒன்றிரண்டு ட்ராக்குகளாகக் கலந்து இன்னொரு நாடாவுக்கு மாற்றி, மிச்சமான இடத்தில் மேலும் வாசிப்பார்கள். முன்னால் பதிந்த டிரம்ஸ் இப்படிப் பிரதியாகி, பிரதியின் பிரதியாகித் தேய்ந்துபோகும். அப்போது அதைத் தவிர்க்க வழியில்லை. வில்சன் செய்தது, அந்த முதல் நாடாக்களைத் தேடியெடுத்து, கணினியில் பிந்தைய நாடாக்களோடு நொடி பிசகாமல் ஒட்ட வைத்தது. அதனால் மைக்கேல் ஜைல்ஸ் அடித்த சிம்பல், 1969-இல் கலவை மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே இறுதியில் கிட்டாத தெளிவோடு 2009-இல் நமக்குக் கேட்கிறது.

கடைசிப் பாடலின் வரிகளுக்கு நடுவே ஸ்நேர் டிரம்மில் ஜைல்ஸ் உருட்டும் சின்னச் சின்ன உருட்டல்களை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். கேசட்டில் எனக்கு அவை மழைச்சாரல் போன்ற ஒரு பொது ஓசையாகத்தான் கேட்டன. 2009-இல் ஒவ்வொரு குச்சியும் தோலைத் தொட்டு எழும்புவது தெரிகிறது. இதைக் கேட்ட பிறகு 2004-ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு முன்னிருந்த துணிவு இல்லை.

7 ஜூன்

‘மூன்சைல்ட்’.

இரண்டரை நிமிடம் பாடல், அதன் பிறகு ஏறத்தாழ பத்து நிமிடம் ஃபிரிப்பின் கிதார், மெக்டொனால்டின் வைப்ரஃபோன், ஜைல்ஸின் டிரம்ஸ் மூன்றும் திட்டமில்லாமல் மெல்லப் பேசிக்கொள்வது. ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், மற்றவர் யோசிக்கிறார், மூன்றாமவர் தொண்டையைக் கனைக்கிறார். 2009 கலவையில் இந்தப் பேச்சில்தான் கத்திரி விழுந்திருக்கிறது. வெளியார் எவரும் ஒளிந்து செய்ததன்று; ஃபிரிப் உடனிருந்து வந்த பதிப்பு அது. தாம் வாசித்ததைத் தாமே நாற்பது ஆண்டு கழித்துச் சுருக்க ஒருவருக்கு உரிமை இல்லை என்று எப்படிச் சொல்வது?

அதுவும் நான் எப்படிச் சொல்வது? உண்மையை ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: கேசட் காலத்தில் அந்தப் பத்து நிமிடத்தை நான் முழுதாகக் கேட்டது நான்கைந்து முறைதான். மற்ற நேரமெல்லாம் நாடாவை முன்னோக்கி ஓட்டுவேன். எங்கே நிறுத்தினால் கடைசிப் பாடலின் தொடக்கத்துக்குச் சரியாக வரும் என்பது விரலுக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் தயிர்சாதம் வேண்டாம் என்று நான் இலையில் ஒதுக்கி வைப்பது வேறு, பரிமாறாமலே விட்டுவிடுவது வேறு.

இசைத்தட்டில் இரண்டாம் பக்கம் தொடங்குவதே ‘மூன்சைல்ட்’டில்தான். பன்னிரண்டு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு, கிதார் நரம்பு உரசும் ஓசைக்கெல்லாம் பழகி, அறையே அமைதியாகிவிட்ட பிறகு, டிரம்ஸும் மெலட்ரானும் ஒருசேர வந்து விழும் அந்த நொடி இருக்கிறதே, அதற்குக் கட்டிய விலை அந்த நீளம். நாடாவை ஓட்டிவிட்டுக் கேட்டவனுக்கு அந்த நொடி நல்ல பாடலின் தொடக்கம், அவ்வளவுதான். இதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் உணர்ந்தேன்.

ஐம்பதாம் ஆண்டுக்காக 2019-இல் வில்சன் மறுபடியும் கலந்தபோது ‘மூன்சைல்ட்’ முழு நீளத்தில் திரும்பிவிட்டது. ஆகவே வெட்டியவர்களுக்கே மனம் மாறியிருக்கலாம், அல்லது நம்மைப் போன்றவர்களின் புலம்பல் எட்டியிருக்கலாம்.

8 ஜூன்

ஒருவருக்கு மட்டும்: இல்லை, என்னிடம் ஐந்து ஸ்பீக்கர் அமைப்பு இல்லை. இரண்டுதான். 5.1 கலவையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

10 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்தேன். அதன் முடிவு என் மானத்தை வாங்கிவிட்டது என்றாலும் பதிந்து வைக்கிறேன்.

மகளைக் கணினி முன் உட்கார வைத்து, 1989, 2004, 2009 பதிப்புகளிலிருந்து மூன்று பாடல்களின் ஒரே இடத்தை ஒன்றரை நிமிடம் வீதம் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எது எது என்று சொல்ல வேண்டும். முதல் சுற்றில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, இத்தனை ஆண்டுகள் கேட்டது வீண்போகவில்லை என்று மீசையை முறுக்கினேன். அவள் நிதானமாக, “அப்பா, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்த அளவில் இருக்கிறது. அதை வைத்துத்தானே சொல்கிறீர்கள்?” என்று கேட்டாள். உண்மைதான். ஒன்றிரண்டு டெசிபல் கூடினாலே நம் காது அதைத் தெளிவு என்றும் கனம் என்றும் மொழிபெயர்த்துக்கொள்ளும். இதை ஊருக்கெல்லாம் சொல்லிவந்தவன் நான்.

அளவைச் சமன் செய்து இரண்டாம் சுற்று வைத்தோம். ‘ஸ்கிசாய்டு மேன்’ பாடலில் 2004-ஐச் சரியாகக் கண்டுபிடித்தேன். அந்தப் பித்தளைத்தனமான கரகரப்பு அதில் கூர்மையாக இருக்கிறது. ‘எபிடாஃப்’ பாடலில் 2009-ஐக் கேட்டு, “இதுதான் அசல் நாடா, 2004” என்று அடித்துச் சொன்னேன். கடைசிப் பாடலில் 1989-க்கும் 2004-க்கும் வித்தியாசமே தெரியவில்லை. அந்த ஒன்றரை நிமிடத்தை ஆறு முறை போட்டாள். பிறகு படிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

ஆகவே 3-ஆம் தேதி நான் 1989 பதிப்பை ஒரே வரியில் ஒதுக்கியதைத் திரும்பப் பெறுகிறேன். நாடாவின் வரலாறு எனக்குத் தெரிந்திருந்ததால் அந்த வரலாறே காதில் கேட்டிருக்கிறது. வரலாறு பொய்யன்று, ஆனால் என் ஸ்பீக்கரில், என் வயதுக் காதில், அதன் அளவு நான் சொல்லிக்கொண்டதைவிடக் குறைவு.

11 ஜூன்

கேள்வி கேட்டவருக்கு முக்கியமான திருத்தம். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் 2009 பதிப்பில் இரண்டு வட்டுகள் இருக்கின்றன அல்லவா? இரண்டு சிடி உறையாக இருந்தால் இரண்டாவது சிடியிலும், சிடியோடு டிவிடி சேர்ந்த உறையாக இருந்தால் அந்த டிவிடியிலும், 2004-இன் ரீமாஸ்டர் முழுதாக இருக்கிறது, பன்னிரண்டு நிமிட ‘மூன்சைல்ட்’ உட்பட. எதை வாங்குவது என்று பத்து நாளாக நாம் அலசிக்கொண்டிருந்தது உங்கள் அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

12 ஜூன்

“இரண்டாவது வட்டை இதுவரை வெளியே எடுத்ததே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். போனஸ் என்று அச்சிட்டிருந்தால் நானும் எடுத்திருக்க மாட்டேன்.

15 ஜூன்

அட்டையைப் பற்றி இருவர் கேட்டதால் ஒரு குறிப்பு. அலறும் அந்தச் சிவந்த முகத்தை வரைந்தவர் பேரி காட்பர், கணினி நிரல் எழுதும் பணியில் இருந்தவர். ஆல்பம் வெளிவந்து சில மாதங்களில், 1970 பிப்ரவரியில், தம் 24-ஆவது வயதில் இறந்துபோனார். குழுவின் நிர்வாகிகளுடைய அலுவலகத்தில் மூல ஓவியத்தைக் கடும் வெளிச்சத்தில் மாட்டி வைத்திருந்ததால் அது கெட்டுவிடும் என்று அஞ்சி ஃபிரிப் அதைத் தாமே எடுத்துக்கொண்டு வந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். நாடாவுக்கு இருட்டில் மறதி, ஓவியத்துக்கு வெளிச்சத்தில் ஆபத்து. முன்னட்டையில் குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ கிடையாது. இசைத்தட்டின் அளவில் அந்த மூக்குத் துவாரங்களுக்குள் விழுந்துவிடுவோமோ என்று இருக்கும். சிடி உறையில் அது பல்வலிக்காரரின் படம்போல ஆகிவிட்டது. அதை எந்த ரீமாஸ்டரும் சரிசெய்யாது.

22 ஜூன்

பரணில் அந்த கேசட் கிடைத்தது. டெக்கின் பெல்ட் தளர்ந்திருந்ததால் கிரெக் லேக்கின் குரல் அரைச் சுருதி இறங்கி, தூக்கக் கலக்கத்தில் பாடுவதைப் போல இருந்தது. ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்த்தேன். போர்வை கொஞ்சம் விலகியது, முழுதாக விலகவில்லை.

ஊசி தூக்கும் சத்தம், உறுமல், ஊசி விழும் சத்தம் எல்லாம் நினைவில் இருந்தபடியே இருந்தன. ‘மூன்சைல்ட்’டை இம்முறை ஓட்டாமல் கேட்டேன். கடைசிப் பாடல் அடங்கியது. நிறுத்தப் பொத்தானுக்கு விரல் தானாகவே போனது. சோதனைக்காக என்று பிடித்து வைத்துக்கொண்டேன். இரண்டு மூன்று நொடி நாடாவின் இரைச்சல். பிறகு அந்தச் சின்ன ஆர்கன் தொடங்கியது. ஏறத்தாழ அரை நிமிடம் வாசித்தது, அதன் பின்தான் நாடா தீர்ந்து பொத்தான் ‘டக்’கென்று எழும்பியது.

அந்தப் பகுதியே என் நாடாவில் இல்லை என்று 4-ஆம் தேதி எழுதியது தவறு. அதன் தொடக்கம் இருந்திருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் அதற்கு முன்பே நான் நிறுத்திவிட்டிருக்கிறேன். மிச்சம் ஒன்றரை நிமிடத்துக்கு மட்டுமே நண்பர் பொறுப்பு.